ஏரிக்குள் முள்காடு: வானிலிருந்து எப்படித் தெரிகிறது?

சேலத்துக்கு ஒரு காலத்தில் குடிநீர் தந்த பனமரத்துப்பட்டி ஏரி பல ஆண்டுகள் வறண்டு கிடந்தது. உள்ளே சீமைக்கருவேலம் மண்டியது. அது எப்போது, எவ்வளவு பரவியது? இதை ஆராயும் மாணவி நில வரைபட மென்பொருளில் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களை விரித்தாலே போதும். 1980களிலிருந்து எடுத்தவை இலவசமாகவே கிடைக்கின்றன.

எப்படிப் பிரித்தறிவது? பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும். தண்ணீரோ அகச்சிவப்பை விழுங்கிவிடும். இரண்டு ஒளிகளின் வித்தியாசத்தை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் தாவரக் குறியீடு வரும்: 1ஐ நெருங்கினால் அடர்ந்த பச்சை, தண்ணீருக்குப் பெரும்பாலும் 0க்குக் கீழே.

ஐப்பசிப் படம் இதற்கு உதவாது. அப்போது புல்லும் பச்சை, சோளமும் பச்சை. சித்திரையில் மற்றதெல்லாம் காய, ஆழ வேரோடிய சீமைக்கருவேலம் பச்சையாகவே நிற்கும். ஏரிக்கு வெளியே கிணற்றுப் பாசனத் தென்னையும் பாக்கும் அதே நிறத்தில் குழப்பும். அங்கே ஜிபிஎஸ்ஸோடு நேரில் போய்ச் சரிபார்க்காத வரைபடத்தை நான் நம்ப மாட்டேன்.

எவ்வளவு நுணுக்கமாகத் தெரியும்? லேண்ட்சாட்டின் ஒரு படப்புள்ளி தரையில் 30 மீட்டர் சதுரம், ஏறத்தாழ 22 சென்ட். 2015இல் வந்த சென்டினல்-2 செயற்கைக்கோளின் படங்களில் அது இரண்டரை சென்ட்தான்.