கோட்டைக்குள்ளே ஓர் ஓமந்தூர்க்காரர்!

திண்டிவனத்தில் பாண்டிச்சேரி பஸ் ஏறினால் வழியில் வருமே ஓமந்தூர், அந்த ஊர் சம்சாரிதான் சுதந்திர நாளன்று சென்னைக் கோட்டையை ஆண்டுகொண்டிருந்தார் தெரியுமோ? ஓ.பி. ராமசாமி ரெட்டியார்! 1895-ல் பிறந்து, திண்டிவனம் வால்டர் ஸ்கடர் பள்ளியில் படித்தவர். மாகாணமோ விசாகப்பட்டினம் தொட்டு மங்களூர் வரை. அன்று முதல்வர் பதவிக்குப் பெயரே பிரதமர்தான். ஆக 1947 ஆகஸ்ட் 15 அன்று டெல்லியில் ஒரு பிரதமர், நம்ம கோட்டையில் ஒரு பிரதமர்!

உள்ளே என்ன நடந்தது? வாங்க, கதவிடுக்கில் எட்டிப் பார்ப்போம். ரெட்டியாருக்கு முன் அந்த நாற்காலியில் இருந்த பிரகாசத்தை இறக்கியது அவருடைய சொந்தக் காங்கிரஸ்காரர்களே. அடுத்து யார் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட, காமராஜர் பக்கத்து ஆதரவோடு 1947 மார்ச்சில் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார் ரெட்டியார். ரமண மகரிஷியின் பக்தர், சாது மனிதர், சொன்னபடி கேட்பார் என்று எவராவது நினைத்திருந்தால், பாவம்!

வந்த வேகத்தைப் பாருங்கள். அதே 1947-லேயே கோயில் நுழைவுச் சட்டம், தேவதாசி ஒழிப்புச் சட்டம். மறு வருஷம் ஜமீன்தாரி ஒழிப்பு! 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுக்க மதுவிலக்கு! எல்லாரும் கைதட்டினார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் இந்தி வந்ததும், கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்டதும் இவர் ஆட்சியில்தான். தெருவில் ஒரே கொந்தளிப்பு.

கட்சிக்குள் இருந்த கடுப்பு வேறு ரகம். சிபாரிசு என்று வந்தால் மனுஷன் மசியவே மாட்டாராம். வேண்டியவனுக்கு ஒரு வேலை, ஒரு பர்மிட் வாங்கித் தர முடியாத எம்.எல்.ஏ. எத்தனை நாள் பொறுப்பார்? 1949 ஏப்ரலில் நாற்காலி குமாரசாமி ராஜாவுக்குப் போனது.

சரி, அடுத்த பதவிக்குக் காய் நகர்த்தினாரா? அதுதான் இல்லை! திண்டிவனம், விழுப்புரம் எல்லாம் தாண்டி வள்ளலாரின் வடலூரில் போய் உட்கார்ந்தார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம், பள்ளிக்கூடம் என்று அங்கேயே காலத்தைக் கழித்து, 1970-ல் கண்ணை மூடினார்.

ஓமந்தூரில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. சென்னை அண்ணா சாலையிலோ, தலைமைச் செயலகமாகக் கட்டிய பிரம்மாண்டக் கட்டடம் 2014-ல் அரசு மருத்துவமனையாகிவிட்டது. ஜனங்கள் வாயில் அது ‘ஓமந்தூரார் ஆஸ்பத்திரி’. சிபாரிசுக்குக் கதவைச் சாத்தியவர் பெயரில், சிபாரிசே இல்லாமல் ஏழை நுழையும் வாசல். ரெட்டியாருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் யார் பார்த்துக் கொடுத்திருக்க முடியும்!