கடிகையார் தேடிப் போன அரசன்

காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்க வரும் கூட்டம் வைகுண்டப் பெருமாள் கோயில் பக்கம் அதிகம் எட்டிப் பார்ப்பதில்லை. காமாட்சியம்மன், ஏகாம்பரநாதர், வரதர் என்று மூன்று தரிசனம் முடிந்ததும் வண்டி ஜவுளிக்கடை வாசலில் போய் நிற்கும். பெருமாளைச் சேவிக்க வருபவர்களிலும், சுற்று மண்டபச் சுவரில் வரிசையாகச் செதுக்கியிருக்கும் பல்லவர் கதையை நின்று பார்ப்பவர் சிலர்தான். மணற்கல் பொரிந்து பல முகங்கள் போய்விட்டன. நல்லவேளை, சில சிற்பங்களோடு சேர்த்து வெட்டிய எழுத்து மிஞ்சியிருக்கிறது.

அது சொல்லும் சங்கதி இது. 731 வாக்கில் பல்லவ அரசன் இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துபோனான். மாத்ரர் (அமைச்சர்கள்), மூலப்பிரகிருதியார் (குடிமக்கள் தரப்பு), கடிகையார் மூன்று தரப்பும் பல்லவரின் கிளை வம்சத்து இரணியவர்மனிடம் போய் அரசன் கேட்டார்கள். கடிகை காஞ்சியின் உயர்கல்விக்கூடம். நான்காம் நூற்றாண்டிலேயே கதம்ப மயூரசர்மன் தன் குருவோடு படிக்க வந்த இடம். இன்றைய வழக்கில் சொன்னால், அமைச்சர்களோடு பேராசிரியர்களும் சேர்ந்து தூது போயிருக்கிறார்கள். இரணியவர்மனின் மகன்களில் மூவர் மறுத்துவிட, கடைக்குட்டியான பல்லவமல்லன் 'நான் போகிறேன்' என்றான். வயது பன்னிரண்டு. அவன் காஞ்சிக்கு வந்தபோது நகரத்தார் எதிர்கொண்டு வரவேற்றார்கள். அவன்தான் இரண்டாம் நந்திவர்மன்.

குடிமக்களே அவனைத் தேர்ந்தெடுத்தார்கள் என்கிறது காசக்குடிச் செப்பேடு. அந்தக் குடிமக்களில் தறிக்குழியில் கால் வைத்தவர் ஒருவராவது இருந்தாரா? எனக்குச் சந்தேகம்தான்.

குடிமக்கள் தேர்வுக்கு அடுத்த சாட்சி, காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைப் பாடப்புத்தகத்தில் படிக்காத தமிழர் இல்லை. முப்பது குடும்பு (வார்டு), குடத்தில் பெயர் எழுதிய ஓலை, எடுக்க ஒரு சிறுவன்: ஊர் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்த முறை அது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமரும் அதைத்தான் எடுத்துச் சொன்னார். மேடைகளில் அவ்வளவாக எடுபடாத விதிகள் இரண்டு உண்டு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரை மட்டுமல்ல, அவன் உறவினர் பெயரையும் குடத்தில் போடக்கூடாது. பதவியில் இருந்தவர் மூன்று ஆண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். இன்றைய உள்ளாட்சிக்கு இந்த இரண்டை மட்டும் கொண்டுவந்தால் எத்தனை வேட்பாளர் தேறுவார்கள்! ஆனால் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் படிப்பும் இல்லாதவருக்கு அந்தக் குடத்தில் ஓலையே கிடையாது. பெண்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அந்தக் கதவு திறக்க ஆயிரம் ஆண்டு ஆனது. காஞ்சிபுரத்தில் நெசவாளர் குடும்பத்தில் 1909இல் பிறந்த அண்ணா, இதே ஊர் நகராட்சியில் சிறிது காலம் எழுத்தராக இருந்தவர். 1968இல் தமிழக முதலமைச்சராக அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார்; சப் ஃபெலோஷிப் என்ற பெயரில் பொதுவாழ்வில் இருப்பவர்களை வளாகத்துக்கு அழைத்து மாணவர்களோடு பேச வைப்பது அங்கே வழக்கம். கடிகையார் அரச வம்சத்துப் பிள்ளையைத் தேடி நடந்தார்கள். யேல், வாக்குச்சீட்டால் வந்த தறிக்கார வீட்டுப் பிள்ளையை விருந்தாளியாகக் கூப்பிட்டது. காஞ்சியின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய மாற்றம் எனக்குத் தெரியவில்லை.

அண்ணா வேலை பார்த்த நகராட்சி 2021இல் மாநகராட்சியானது. 51 வார்டு மாமன்றத்துக்கு மறு ஆண்டு பிப்ரவரியில் தேர்தல். தமிழக உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்று 2016இலேயே சட்டம் வந்துவிட்டதால் மாமன்றத்தில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். முதல் மேயர் மகாலட்சுமி யுவராஜ். 2024 ஜூலையில் மேயர் மீது கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம், கவுன்சிலர்கள் கூட்டத்துக்கே வராததால் விழுந்தது. உத்திரமேரூர்ச் சபையார் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

ஓலை எல்லோர் கைக்கும் வந்துவிட்டது. அதன் சொல் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இப்போதைய வழக்கு. 2022இல் பரந்தூர் விமான நிலையம் அறிவிக்கப்பட்டதிலிருந்து, அதற்கு நிலம் கொடுக்க வேண்டிய காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் மேல் தீர்மானமாக நிறைவேற்றினார்கள். திட்டம் நிற்கவில்லை. 2024 நாடாளுமன்றத் தேர்தலைப் புறக்கணித்தார்கள். விமான நிலையம் வேண்டுமா வேண்டாமா என்பது வேறு விவாதம். ஊர் கூடிச் சொன்னதற்கு உட்கார்ந்து பதில் சொல்ல ஒரு இடமாவது வேண்டாமா?

காஞ்சியில் பச்சையப்பன் கல்லூரி இருக்கிறது, ஏனாத்தூரில் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மக்களாட்சிச் சீர்திருத்தம் என்று தலைப்புப் போட்டு எந்த வளாகம் கருத்தரங்கு நடத்தினாலும், டெல்லியிலிருந்து வரும் பேச்சாளருக்கு முன்பாக ஏகனாபுரத்துக்கு ஒரு அழைப்பிதழ் போகட்டும். தபாலில் அனுப்ப வேண்டாம். பேராசிரியர்களே நேரில் போய்க் கொடுக்கலாம்.