பழைய சேலைப் போர்வை, புதிய வண்ணம்

கோலார் தங்கவயலில் மார்கழிக் குளிர் கடுமையாக இருக்கும். ஊர் கடல் மட்டத்திலிருந்து 800 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. இரவில் ஒரு போர்வை போதாது. அப்போது பெட்டியிலிருந்து பழைய சேலைப் போர்வை வெளியே வரும்.

சேலைப் போர்வை என்றால் என்ன?

கட்டிக் கட்டி மெலிந்துபோன நூல் சேலைகளை வீட்டில் எறிவதில்லை. நாலைந்து சேலைகளை மடித்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குகிறார்கள். அடுக்கு நகராமல் இருக்க ஓரத்திலிருந்து நடுவரை ஓட்டுத் தையல் போடுகிறார்கள். கிழிந்த இடத்தில் ஒட்டுத்துணி வைக்கிறார்கள். இதைக் கன்னடக்காரர்கள் கௌதி என்கிறார்கள். தெலுங்குக்காரர்கள் பொந்த என்கிறார்கள். தங்கவயலில் மூன்று மொழியும் உண்டு. போர்வையும் மூன்று வீட்டிலும் உண்டு.

சுரங்கமும் போர்வையும்

1880-ஆம் ஆண்டு ஜான் டெய்லர் கம்பெனி தங்கவயலில் சுரங்க வேலையைத் தொடங்கியது. வட ஆற்காடு முதலான தமிழ் மாவட்டங்களிலிருந்து ஏராளமான குடும்பங்கள் வேலை தேடி வந்தன. கம்பெனி கட்டிய லைன் வீடுகளில் அவர்கள் குடியிருந்தார்கள். பல வீடுகளுக்கு மூங்கில் தட்டிதான் சுவர். தட்டிச் சுவர் குளிரைத் தடுக்காது. சேலைப் போர்வைதான் குளிரைத் தாங்கியது.

1902-இல் சிவனசமுத்திரத்திலிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அது இயந்திரங்களுக்காக வந்த மின்சாரம். லைன் வீடுகளில் விளக்கு எரிய இன்னும் பல காலம் ஆயிற்று.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தினமும் ரயிலேறி பெங்களூர் போய் வேலை செய்து திரும்புவது பலருக்கு வழக்கமாயிற்று. சுரங்கம் போனது. வீடும் போர்வையும் மிஞ்சின.

ஆனால் போர்வையின் வண்ணம் மங்கிவிட்டது. வெயிலிலும் சோப்பிலும் சிவப்பு வெளுத்தது. பச்சை சாம்பல் நிறமானது. பிள்ளைகள், "இது எதற்கு? கடையில் புதுக் கம்பளி வாங்கலாமே" என்கிறார்கள். ஆனால் அந்தப் போர்வைக்குள் பாட்டியின் சேலை இருக்கிறது. அம்மாவின் கல்யாணச் சேலைகூட இருக்கலாம். எறிந்துவிட்டால் அது திரும்பி வராது.

யோசித்துப் பாருங்கள். துணி கெடவில்லை. வண்ணம்தான் போயிருக்கிறது. வண்ணத்தைத் திரும்பக் கொண்டுவர முடியும். அதற்குப் பென்சிலும் துணி பெயிண்டும் போதும்.

இது நம் பக்கத்துக் கலைதான்

துணியில் கையால் வண்ணம் தீட்டுவது புதிய வேலை இல்லை. ஆந்திராவில் ஸ்ரீகாளஹஸ்தி என்ற ஊரில் கலம்காரி என்னும் கலை இருக்கிறது. கலம் என்றால் எழுதுகோல். காரி என்றால் வேலை.

அங்கே முதலில் துணியைக் கடுக்காய்த் தண்ணீரிலும் எருமைப் பாலிலும் நனைத்துக் காயவைக்கிறார்கள். பால் சேர்ப்பதால் வண்ணம் பரவாமல் கோட்டுக்குள் நிற்கிறது. பிறகு புளியங்குச்சிக் கரியால் படம் வரைகிறார்கள். அதுதான் அவர்களுடைய பென்சில். அடுத்து மூங்கில் கலத்தை எடுக்கிறார்கள். அதன் நுனியில் கம்பளி நூல் சுற்றியிருக்கும். பழைய இரும்பையும் வெல்லத்தையும் தண்ணீரில் ஊறவைத்த சாற்றில் அதைத் தொட்டு எழுதுகிறார்கள். கடுக்காய் ஏறிய துணியில் அந்தச் சாறு பட்டதும் கோடு கறுப்பாகிறது. சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீர் தடவி, பிறகு சிவப்புச் சாயத்தில் வேகவைக்கிறார்கள். கடைசியில் ஓடும் தண்ணீரில் அலசுகிறார்கள். இந்தக் கலைக்காக ஜொன்னலகட்டா குரப்ப செட்டி என்ற கலைஞருக்கு 2008-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தங்கவயலில் கோரமண்டல் என்று ஒரு பகுதி இருக்கிறது. சோழமண்டலக் கரையைத்தான் வெள்ளைக்காரர்கள் கோரமண்டல் என்றார்கள். 300 ஆண்டுகளுக்கு முன்பு அந்தக் கரையிலிருந்து வண்ணம் தீட்டிய படுக்கை விரிப்புகள் கப்பலில் ஐரோப்பாவுக்குப் போயின. துவைத்தாலும் வண்ணம் போகவில்லை. அங்குள்ளவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். எல்லோரும் அதையே வாங்கியதால் அந்த நாட்டு நெசவாளர்களுக்கு வேலை குறைந்தது. 1686-இல் பிரான்ஸ் நாடு இந்தத் துணிகளுக்குத் தடை போட்டது. பின்னர் இங்கிலாந்தும் தடை போட்டது. நம் கைவேலைக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

முதல் வேலை: துணியைச் சோதியுங்கள்

வண்ணம் நூல் துணியில் நன்றாகப் பிடிக்கும். நைலான், பாலியஸ்டர் துணியில் அவ்வளவு நன்றாகப் பிடிக்காது. அதிகச் சூட்டில் இஸ்திரி போட்டால் அந்தத் துணி உருகியும் விடும்.

எது நூல் துணி என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள். இடுக்கியால் பிடித்து நெருப்பில் காட்டுங்கள். காகிதம் எரிவது போல் வாசம் வந்து, சாம்பல் உதிர்ந்தால் அது நூல் துணி. பிளாஸ்டிக் நாற்றம் வந்து, நுனி கெட்டியாக உருண்டால் அது நூல் துணி இல்லை. இதை வாசலில் செய்யுங்கள். பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர் இருக்கட்டும்.

இரண்டாம் வேலை: துவையுங்கள்

அழுக்கு, எண்ணெய், கஞ்சி இருந்தால் வண்ணம் ஒட்டாது. புதுத்துணியில்கூடக் கஞ்சி இருக்கும். அதனால் எந்தத் துணியையும் ஒருமுறை துவைத்துக் காயவைக்க வேண்டும்.

தங்கவயலில் இன்னொரு கவனமும் வேண்டும். தங்கம் பிரித்த பிறகு மிஞ்சிய மண் அங்கே மலை மலையாகக் குவிந்திருக்கிறது. மக்கள் அதைச் சயனைடு மேடு என்கிறார்கள். காற்று அடித்தால் அந்தத் தூசி வீடு வரைக்கும் வரும். வெளியே காயும் துணியிலும் படியும். அதனால் காற்று வீசும் நாளில் துணியை வீட்டுக்குள்ளே காயவைப்பது நல்லது.

மூன்றாம் வேலை: பென்சிலால் வரையுங்கள்

துணி நழுவினால் கோடு கோணலாகும். அதற்கு ஒரு சுலப வழி உண்டு. துணிக்கு அடியில் உப்புத்தாளை வையுங்கள். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்க வேண்டும். துணி அசையாது.

சாதாரணப் பென்சிலால் மெல்ல வரையுங்கள். அழுத்த வேண்டாம். பால்பாயிண்ட் பேனா கூடாது. அதன் மை எளிதில் போகாது.

என்ன வரையலாம்? வாசலில் போடும் கோலமே போதும். பூ, மாங்காய், கிளி, வேல் எதுவும் வரையலாம். சேலையில் முன்பு இருந்த பூவின் தடம் தெரிந்தால் அதன்மேலேயே வரையலாம். பழைய பூ திரும்பவும் மலரும்.

பிள்ளைகளின் கலர் பென்சிலையும் பயன்படுத்தலாம். ஆனால் அதை மட்டும் தீட்டினால் துவைக்கும்போது வெளுத்துவிடும். அதைத் துணியில் பிடிக்க வைக்க ஒரு வெள்ளைத் திரவம் துணி பெயிண்ட் விற்கும் கடையில் கிடைக்கிறது. அதற்கு மீடியம் என்று பெயர். பென்சில் வண்ணத்தின்மேல் அதை மெல்லியதாகத் தடவிக் காயவைத்து இஸ்திரி போட வேண்டும். பென்சில் வண்ணம் இளநிறமாகத்தான் இருக்கும். பூவிதழின் ஓரம், கிளியின் இறகு போன்ற சின்ன இடங்களுக்கு அது அழகு.

நான்காம் வேலை: பெயிண்ட் தீட்டுங்கள்

கடையில் துணி பெயிண்ட் என்று கேட்டு வாங்குங்கள். சுவருக்கும் கதவுக்கும் அடிக்கும் பெயிண்ட் துணிக்கு ஆகாது. அது விறைத்து வெடிக்கும். சில பழைய பெயிண்டுகளில் ஈயம் கலந்திருக்கும். குழந்தை போர்வையை வாயில் வைத்துச் சப்பும். ஈயம் குழந்தையின் மூளையைக் கெடுக்கும்.

எல்லா நிறமும் வாங்க வேண்டியதில்லை. சிவப்பு, மஞ்சள், நீலம், வெள்ளை, கறுப்பு ஆகிய 5 புட்டிகள் போதும். சிவப்பும் மஞ்சளும் சேர்ந்தால் ஆரஞ்சு. மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. சிவப்பும் நீலமும் சேர்ந்தால் ஊதா.

புதுப் போர்வை தைப்பதாக இருந்தால், துண்டுகளில் முதலில் வண்ணம் தீட்டிவிட்டுப் பிறகு தையுங்கள். துண்டுக்கு அடியில் பழைய செய்தித்தாளை வையுங்கள்.

தைத்த பழைய போர்வை என்றால் தூரிகையில் தண்ணீர் அதிகம் கூடாது. தண்ணீர் கூடினால் வண்ணம் அடியிலுள்ள சேலைகளுக்கும் இறங்கும். கோட்டை விட்டும் பரவும். தூரிகையைத் துணியில் ஒற்றிவிட்டுத் தீட்டுங்கள்.

பெயிண்டை மெல்லியதாகத் தீட்டுங்கள். தடித்தால் அந்த இடம் அட்டை போல் ஆகும். ஊசி இறங்காது. போர்த்தினால் உடம்பில் உறுத்தும். கருநிறத் துணியில் வண்ணம் எடுப்பாகத் தெரியாது. அங்கே முதலில் வெள்ளை தீட்டுங்கள். அது காய்ந்த பிறகு வேண்டிய நிறத்தைத் தீட்டுங்கள்.

எதையும் நேராகப் போர்வையில் செய்யாதீர்கள். முதலில் ஒரு கந்தல் துணியில் தீட்டிப் பாருங்கள். இஸ்திரி போட்டுத் துவைத்தும் பாருங்கள். சரியாக வந்தால் மட்டும் போர்வையில் கை வையுங்கள். பாட்டியின் சேலை ஒன்றுதான் இருக்கிறது.

ஐந்தாம் வேலை: சூடு காட்டுங்கள்

இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதனால்தான் முதல் துவையலிலேயே வண்ணம் போகிறது. சூடு பட்டால்தான் பெயிண்ட் நூலை இறுகப் பிடிக்கும்.

தீட்டிய துணியை நிழலில் ஒரு நாள் முழுவதும் காயவிடுங்கள். பிறகு துண்டைக் குப்புறப் போட்டு, பின்பக்கத்தில் சில நிமிடம் இஸ்திரி போடுங்கள். தண்ணீர் தெளிக்க வேண்டாம். பெட்டியை ஒரே இடத்தில் வைக்காமல் நகர்த்திக்கொண்டே இருங்கள். தடித்த போர்வையில் பின்பக்கச் சூடு மேலே வராது. அதற்கு வண்ணத்தின்மேல் ஒரு மெல்லிய நூல் துணியை விரித்து, அதன்மேல் இஸ்திரி போடுங்கள். கரிப்பெட்டியானால் நெருப்புப் பொறி பறக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே துவைக்கக் கூடாது. சில நாள் பொறுங்கள். பிறகு குளிர்ந்த தண்ணீரில் மெல்லக் கசக்குங்கள். கல்லில் அடிக்க வேண்டாம். பிரஷ் போட வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள்.

புட்டியைப் படியுங்கள்

எத்தனை மணி நேரம் காய வேண்டும்? எத்தனை நிமிடம் இஸ்திரி போட வேண்டும்? எப்போது துவைக்கலாம்? இது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பதில் புட்டியிலோ அட்டைப்பெட்டியிலோ அச்சாகியிருக்கும். பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் எண்கள் எல்லா மொழியிலும் ஒன்றுதான். 24 என்று இருந்தால் 24 மணி நேரம், அதாவது ஒரு நாள். 72 என்று இருந்தால் 3 நாள். மீதியைப் பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கேளுங்கள். கேட்டதைத் தமிழில் ஒரு காகிதத்தில் நீங்களே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கடைக்காரர் சொன்னார் என்று செய்து போர்வையைக் கெடுத்துக்கொள்வதைவிட இது நல்லது.

விற்பதாக இருந்தால் கணக்குப் பாருங்கள்

வட கர்நாடகத்தில் யல்லாபுரம், ஹளியாள் பக்கம் சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அந்தப் பெண்கள் ஒட்டுத்துணிகளை வைத்துத் தைக்கும் போர்வைகள் வெளிநாட்டுக் கண்காட்சிகளிலும் இடம் பெற்றிருக்கின்றன. போர்வையின் மூலைகளில் துணியை மடித்துச் சின்னப் பூ வைத்தால்தான் அவர்களுக்கு வேலை முடிந்ததாகும். கைவேலையை விலை கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது. ஆனால் விலை வைக்கத் தெரிய வேண்டும்.

ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

தையல் வேலை: 36 மணி நேரம்.
வண்ண வேலை: 6 மணி நேரம்.
மொத்தம்: 42 மணி நேரம்.
நூல், பெயிண்ட் செலவு: 260 ரூபாய்.

போர்வையை 1,100 ரூபாய்க்கு விற்றால் செலவு போக 840 ரூபாய் மிஞ்சும். 840-ஐ 42-ஆல் வகுத்தால் 20. ஒரு மணி நேர உழைப்புக்கு 20 ரூபாய்தான் கூலி. கையில் 1,100 ரூபாய் வந்ததும் லாபம் போல் தோன்றும். கணக்கு எழுதினால்தான் உண்மை தெரியும். அதே போர்வையை 1,520 ரூபாய்க்கு விற்றால் மணிக்கு 30 ரூபாய் ஆகிறது. இது போதுமா என்பதைத் தைத்தவர்தான் முடிவு செய்ய வேண்டும். யாராவது விலையைக் குறைத்துக் கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

விற்காத போர்வைக்கும் ஒரு மதிப்பு உண்டு. ஓரத்தில் ஒரு சின்ன இடம் விடுங்கள். அதில் தைத்தவர் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் பெயிண்டால் எழுதுங்கள். பழைய போர்வைகளைத் தைத்த பலருக்குத் தம் பெயரை எழுதத் தெரியாது. இனி அந்தக் குறை வேண்டாம்.

படித்தீர்களா? பதில் எழுதுங்கள்

1. நூல் துணியை எப்படிக் கண்டுபிடிப்பது?
2. வண்ணம் தீட்டும் முன் துணியை ஏன் துவைக்க வேண்டும்?
3. கதவுக்கு அடிக்கும் பெயிண்டைப் போர்வையில் ஏன் பூசக் கூடாது?
4. இஸ்திரி போடாவிட்டால் என்ன ஆகும்?
5. ஒரு போர்வைக்கு 50 மணி நேரம் உழைத்தார்கள். செலவு 300 ரூபாய். 1,800 ரூபாய்க்கு விற்றார்கள். ஒரு மணி நேரத்துக்குக் கூலி எவ்வளவு?
6. உங்கள் வீட்டிலுள்ள பழைய போர்வையைத் தைத்தவர் யார்? அவர் பெயரை எழுதுங்கள்.