பிறர் பிள்ளையைப் பெறும் மீன்

கொசஸ்தலை ஆறு எண்ணூர் முகத்துவாரத்தை நெருங்கும் கழிப்பகுதியின் பெருமை கொடுவா மீன். முதலில் ஆணாக இருந்து, சில ஆண்டுகள் கழித்தே பெண்ணாக மாறும். அதனால் தாய்மீன் கிலோக்கணக்கில் எடை இருக்கும். பராமரிக்கப் பெரிய தொட்டியும் நிறையப் பொறுமையும் வேண்டும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் (சிபா) 1997இல் கொடுவாவையும், 2015இல் பால்கெண்டையையும் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது.

வளர்க்கக் கடினமான மீனின் குஞ்சை எளிய மீன் ஒன்று பெற்றுத் தந்தால்?

ஜப்பானில் கோரோ யோஷிஸாகி குழு அதைச் செய்துகாட்டியது. வானவில் டிரவுட்டின் (நீலகிரி ஓடைகளில் ஆங்கிலேயர் விட்ட அதே மீன்) இனச்செல்களை (விந்தாகவோ முட்டையாகவோ முதிரக்கூடியவை), அப்போதுதான் முட்டையிலிருந்து வெளிவந்த மசு சால்மன் குஞ்சின் வயிற்றுக்குள் ஊசியால் செலுத்தினார்கள். அந்த வயதில் குஞ்சின் உடல் அந்நியச் செல்லை விரட்டாது. செல்களும் தாமாகவே ஊர்ந்து இனஉறுப்பைச் சேர்ந்துவிடும். 2004இல் சால்மன் ஆண்களிடம் டிரவுட் விந்து கிடைத்தது. 2007இல், மலடாக்கப்பட்டு டிரவுட் செல்களை ஏற்ற சால்மன் ஆணும் பெண்ணும் ஈன்றவை எல்லாமே டிரவுட் குஞ்சுகள்.

இதை வாடகைத் தாய் முறை என்பது முழுப் பொருத்தமில்லை; இங்கே விந்தும் முட்டையுமே செல்லை ஏற்ற மீனின் உடலில்தான் உருவாகின்றன.

இந்த முறைக்கு இன்னொரு பயனும் உண்டு. மீன் முட்டையில் மஞ்சள்கரு அதிகம். அதனால் அதை உறையவைத்துக் காக்க முடிவதில்லை. ஆனால் விந்தகத்தை உறையவைக்கலாம். அதிலுள்ள செல்கள் பெண் மீனுக்குள் சென்றால் முட்டையாகவே முதிரும். ஒரே நிபந்தனை: செல்லைத் தரும் மீனும் ஏற்கும் மீனும் நெருங்கிய உறவாக இருக்க வேண்டும்.