டால்பியா, டி.டி.எஸ்ஸா? எதை கிளிக் செய்யலாம்?

டிவிடியைக் கம்ப்யூட்டரில் போட்டதும் சில படங்களின் ஆடியோ மெனுவில் டால்பி டிஜிட்டல் 5.1, டி.டி.எஸ். 5.1 என இரண்டு தெரியும். எது நல்லது? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது.

முதலில் 5.1 என்றால் என்ன? முன்னால் இடது, நடு, வலது என மூன்று ஸ்பீக்கர்கள். பக்கவாட்டில் சற்றுப் பின்தள்ளி இரண்டு. ஆக ஐந்து. மீதியுள்ள ".1" இடி, வெடிச் சத்தங்களுக்கான சப் வூஃபர்.

இந்த ஆறு சேனல்களையும் சுருக்காமல் (48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்) பதிந்தால், 2 மணி நேரப் படத்தின் ஒலிக்கு மட்டும் சுமார் 4.1 ஜிபி தேவை. ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவே 4.7 ஜிபிதான். பிறகு படத்தை எங்கே வைப்பது? அதனால்தான் சுருக்குகிறார்கள்.

1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்துடன் தியேட்டருக்கு வந்த டால்பி டிஜிட்டல், டிவிடியில் அதிகபட்சம் 448 கேபிபிஎஸ். 2 மணி நேரத்துக்குச் சுமார் 400 எம்பி. 1993-ல் 'ஜுராசிக் பார்க்' படத்துடன் வந்த டி.டி.எஸ். பெரும்பாலும் 754 அல்லது 1509 கேபிபிஎஸ். அதாவது 680 எம்பி அல்லது 1.36 ஜிபி.

எண் பெரிதானால் ஒலி அதே அளவு உயர்ந்துவிடாது. இரண்டும் சுருக்கும் முறை வேறு. இன்னொரு விஷயம், டால்பியில் வசன அளவைச் சமப்படுத்தும் வசதி ஒலியைச் சற்றுக் குறைத்துத் தருவதுண்டு. சத்தம் கூடுதலாக இருப்பதே நம் காதுக்கு உசத்தியாகப் படும். வால்யூமைச் சமமாக்கிவிட்டு இரண்டையும் கேட்டுப் பாருங்கள்.

புளூ-ரேயில் வரும் டால்பி ட்ரூ எச்டி, டி.டி.எஸ்.-எச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் எதையும் இழக்காமல் சுருக்குபவை. அங்கே போட்டியே இல்லை. ஆனால் இவற்றை ஆம்ப்ளிஃபையருக்கு அப்படியே அனுப்ப எச்டிஎம்ஐ வேண்டும். ஆப்டிகல் கேபிள் போதாது.

என்னைக் கேட்டால், ஃபார்மட்டை விட இணைப்பே முக்கியம். ஸ்பீக்கர் செட்டின் பின்பக்கத்தைப் பார்த்து வாங்குங்கள். ஒரே ஒரு ஸ்டீரியோ இன்புட் மட்டும் இருந்தால், ஐந்து ஸ்பீக்கர்களும் இரண்டு சேனல்களைத்தான் பகிர்ந்துகொள்ளும். பச்சை, கறுப்பு, ஆரஞ்சு என மூன்று பின்கள் இருக்கின்றனவா, உங்கள் கம்ப்யூட்டரிலும் அதே மூன்று ஜாக்குகள் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு விண்டோஸ் சவுண்ட் செட்டிங்கில் பிளேபேக், கான்ஃபிகர் சென்று 5.1-ஐத் தேர்ந்தெடுங்கள். ஸ்டீரியோவிலேயே விட்டுவிட்டால் டால்பியும் டி.டி.எஸ்ஸும் ஒன்றுதான்!