உறையின் பின்பக்கத்தை எழுதியவர்

நேட் ஹெண்டாஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளருக்கு வாழ்நாளில் மூன்று முறை நாற்காலி போனது. முதலில் கல்லூரி மாணவர் பத்திரிகையில். பிறகு ஜாஸ் இசைக்கென்றே நடந்த ஓர் இதழில். கடைசியாக, ஐம்பது ஆண்டுகள் எழுதிய நியூயார்க் வாரப் பத்திரிகையில். அப்போது அவருக்கு வயது 83. மூன்றாவது, சிக்கன நடவடிக்கையில் போனது. முதல் இரண்டும் கையும் வாயும் சும்மா இராததால் வந்த வினை.

ஜாஸ் விமர்சனத்தில் சென்ற நூற்றாண்டின் பெரிய பெயர்களில் ஒன்று இவருடையது. இத்தனைக்கும் இசை இலக்கணத்தில் கரை கண்டவர் அல்ல. அடிப்படையில் நிருபர். எங்கே அநியாயம் நடக்கிறது என்று தேடிப் போய் எழுதும் ரகம். அந்த நிருபர் புத்தியை இசைத்தட்டுக் கடைக்குள்ளும் ஒலிப்பதிவுக் கூடத்துக்குள்ளும் எடுத்துச் சென்றதுதான் அவர் செய்த காரியம். இன்று அப்படி ஒருவர் உருவாக வழியே இல்லை என்பதுதான் என் கவலை.

பாஸ்டன் பாடம்

1925 ஜூன் 10 அன்று பாஸ்டனில் பிறந்தவர் ஹெண்டாஃப். ரஷ்யாவிலிருந்து வந்த யூதக் குடும்பம். ராக்ஸ்பரி பகுதியில் வளர்ந்தார். அந்தக் காலத்து பாஸ்டனில் இருட்டிய பிறகு யூதப் பையன்கள் தனியாகத் தெருவில் நடந்தால் அடி விழும். ஒருமுறை அவருக்குப் பல்லே போயிற்று.

அடி வாங்கிய பையனுக்கு ஒரு குரு கிடைத்தார். ஃபிரான்ஸெஸ் ஸ்வீனி என்ற இளம் பெண். 'பாஸ்டன் சிட்டி ரிப்போர்ட்டர்' என்ற சின்னப் பத்திரிகையை நடத்தி வந்தார். நகரத்து ஊழலையும் யூத வெறுப்பையும் புட்டுப் புட்டு வைத்த பத்திரிகை அது. ஸ்வீனி கத்தோலிக்கர். யூதர்கள் மீதான வன்முறையைக் கண்டும் காணாமல் இருந்த தன் மதத்தாரைத்தான் அவர் முதலில் உலுக்கினார். அவருக்காகத் துப்புத் துலக்கப் போன சிறுவர் படையில் ஹெண்டாஃபும் ஒருவர். அப்போது பள்ளி மாணவர். ஸ்வீனி 1944-இல், நாற்பது வயதைத் தொடும் முன்பே இறந்துபோனார். தன் கூட்டத்தாரின் தப்பையே முதலில் எழுத வேண்டும் என்ற பாடத்தைச் சீடர் கடைசிவரை மறக்கவில்லை. அதற்கான விலையையும் பிற்பாடு கொடுத்தார்.

இசை வேறு வழியாக வந்தது. பள்ளிப் பருவத்தில் ஒரு நாள் கடைத் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது, இசைத்தட்டுக் கடை வாசலில் ஆர்ட்டி ஷாவின் கிளாரினெட் ஒலித்தது. நடுத் தெருவில் வாய்விட்டுக் கத்திவிட்டதாகவும், கடைக்குள் ஓடி அது என்ன பாட்டு என்று விசாரித்ததாகவும் பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். கல்லூரி நாட்களிலேயே டபிள்யூ.எம்.இ.எக்ஸ். வானொலியில் அறிவிப்பாளர் வேலை கிடைத்தது. சவாய் கஃபேயில் வாசிக்க வந்த கறுப்பினக் கலைஞர்களோடு மணிக்கணக்கில் பேசிப் பழகியது அந்தக் காலத்தில்தான்.

இதற்கிடையே மாணவர் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆகியிருந்தார். கல்லூரியை நிர்வகிப்பவர்களைப் பற்றியே ஆராயத் தொடங்கினார். கல்லூரிச் செய்தியோடு நிறுத்திக்கொள்ளும்படி மேலிடத்து உத்தரவு வந்தது. வெளியேறினார். முதல் நாற்காலி போனது இப்படி.

பேசவிட்டவர்

1950-களின் தொடக்கத்தில் நியூயார்க்கில் ஒரு ஜாஸ் இதழின் பொறுப்பு கிடைத்தது. அன்றைய விமர்சகர்கள் பலர் நீதிபதி போலத் தீர்ப்பு எழுதினார்கள். ஹெண்டாஃப் நேரே போய் விசாரித்தார். நேட் ஷாபிரோவுடன் சேர்ந்து 1955-இல் அவர் கொண்டுவந்த 'ஹியர் மீ டாக்கிங் டு யா' நூல் ஜாஸின் வரலாற்றைச் சொல்கிறது. ஆனால் அதில் பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த இசையை உண்டாக்கியவர்கள். தொகுத்தவர்கள் குறுக்கே வருவது அபூர்வம். சாட்சிகளைப் பேசவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பது நல்ல நிருபரின் பழக்கம். இசை எழுத்தில் அது அன்று புதுசு.

அந்த இதழிலிருந்து 1957-இல் அவரை அனுப்பிவிட்டார்கள். அவர் தரப்புக் கதை இது. இதழ் முழுக்கக் கறுப்பினக் கலைஞர்களைப் பற்றிய எழுத்து. அலுவலகத்தில் கறுப்பினத்தவர் ஒருவர்கூட வேலையில் இல்லை. வேலை காலியானபோது, கறுத்த நிறமுள்ள ஒரு பெண்ணை மேலிடத்தைக் கேட்காமலேயே அமர்த்தினார். இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்தது.

ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பாடகியும்

வேலை போன அதே ஆண்டு, டிசம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. சி.பி.எஸ். தொலைக்காட்சியில் 'தி சவுண்ட் ஆஃப் ஜாஸ்' நேரடி ஒளிபரப்பு. கலைஞர்களைத் தேர்ந்தெடுத்தவர்கள் ஹெண்டாஃபும் இன்னொரு விமர்சகரான விட்னி பாலியட்டும். அலங்காரம், திரைச்சீலை எதுவும் கிடையாது. ஒத்திகைக்கு வந்தவர்கள் போல அவரவர் உடையில் வாசிக்கிறார்கள்; கேமராவும் விளக்கும் அப்படியே கண்ணில் படும்.

ஒளிபரப்புக்கு முன்னால் விளம்பரதாரர் தரப்பிலிருந்து ஒரு சீட்டு வந்தது. போதை மருந்து வழக்கில் சிறைக்குப் போனவரை ஞாயிற்றுக்கிழமையில் குடும்பங்களின் வீட்டுக்குள் அனுப்பக் கூடாது என்பது சாரம். குறிவைத்தது பில்லி ஹாலிடேயை. 1947-இல் சிறை சென்றவர். அதன் பிறகு நியூயார்க்கில் மது விற்கும் கிளப்புகளில் பாட அவருக்கு அனுமதி அட்டையே கிடையாது. அவர் இல்லையென்றால் நாங்களும் இல்லை என்று தயாரிப்பாளர் ராபர்ட் ஹெரிட்ஜும் ஹெண்டாஃபும் பாலியட்டும் ஒரே பிடியாக நின்றார்கள். சீட்டு குப்பைக்குப் போயிற்று.

உயரமான முக்காலியில் உட்கார்ந்து 'ஃபைன் அண்ட் மெல்லோ' பாடினார் ஹாலிடே. சுற்றிலும் கோல்மன் ஹாக்கின்ஸ், பென் வெப்ஸ்டர், ராய் எல்ட்ரிஜ், ஜெர்ரி மல்லிகன். ஓரத்தில் லெஸ்டர் யங். ஒருகாலத்தில் ஹாலிடேயின் உயிர்த் தோழர். இப்போது உடம்பு தளர்ந்தவர். பெரிய குழுவோடு வாசிக்க முடியாது என்று அன்று காலையில்தான் அந்தப் பகுதியிலிருந்து விடுவித்திருந்தார்கள். உங்கள் முறை வந்தால் உட்கார்ந்தபடியே வாசியுங்கள் என்றும் சொல்லிவைத்திருந்தார்கள். அவர் எழுந்தார். ஒரு நிமிடத்துக்கும் குறைவான, ஸ்வரத்துக்கு ஸ்வரம் எண்ணிச் செலவழித்த வாசிப்பு. அதைக் கேட்டுத் தலையசைக்கும் ஹாலிடேயின் முகத்தை விட்டு கேமரா விலகவில்லை. கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் கண் கலங்கியதாக ஹெண்டாஃப் எழுதியிருக்கிறார். 1959 மார்ச்சில் யங் போனார். ஜூலையில் ஹாலிடேயும் போனார். அந்தச் சீட்டுக்குப் பணிந்திருந்தால் இந்தக் காட்சி உலகத்துக்குக் கிடைத்திருக்காது.

தட்டில் ஏறிய போராட்டம்

1960-இல் கேண்டிட் என்ற சிறிய இசைத்தட்டு நிறுவனம் அவரைத் தயாரிப்பாளர் ஆக்கியது. கலைஞர்கள் இஷ்டப்படி வாசிக்கலாம், குறுக்கிட மாட்டேன் என்பது அவர் வழி. டிரம்ஸ் மேதை மேக்ஸ் ரோச்சின் 'வி இன்சிஸ்ட்!' அப்படி வந்தது. அதன் உறையைப் பார்த்தாலே புரியும். சிற்றுண்டிக் கடை மேடையில் மூன்று கறுப்பின ஆண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். பின்னால் வெள்ளைச் சிப்பந்தி. அந்த ஆண்டு பிப்ரவரியில் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் நான்கு பேர் தொடங்கிய உள்ளிருப்புப் போராட்டம் அப்போது தென் மாநிலங்கள் முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. தட்டின் நடுப்பகுதியில் பாடகி ஆபி லிங்கன் சொல்லே இல்லாமல் அலறுகிறார்.

அதே ஆண்டு அக்டோபரில் ஜாஸ் கலைஞர் சார்லஸ் மிங்கஸ் கேண்டிட்டுக்கு வந்தார். கறுப்பினப் பிள்ளைகளைப் பள்ளிக்குள் விடாமல் துருப்புகளை நிறுத்திய ஒரு மாநில ஆளுநரைக் கேலி செய்து ஒரு பாட்டு வைத்திருந்தார். முந்தைய ஆண்டு ஒரு பெரிய நிறுவனத்தின் தட்டில் அது சொற்கள் இல்லாமல், வெறும் வாத்திய இசையாகத்தான் வந்தது. கேண்டிட் தட்டில் மிங்கஸும் டிரம்ஸ் வாசித்த டேனி ரிச்மண்டும் வாய்விட்டுத் திட்டுகிறார்கள். தட்டில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கூடத்தில் ஆட்களே இல்லை. மிங்கஸோ, கிளப்பில் இருப்பது போலக் கற்பனை செய்துகொண்டு, கண்ணாடிக் குவளையில் ஐஸ் சத்தம் போடாதீர்கள், கல்லாவில் மணி அடிக்காதீர்கள் என்று இல்லாத கூட்டத்தை அதட்டுகிறார்.

தயாரிப்பாளரே விமர்சகராகவும் இருக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அன்று அவர் அந்த நாற்காலியில் இல்லாமல் இருந்திருந்தால் மிங்கஸின் வார்த்தைகளுக்கு எந்தத் தட்டில் இடம் கிடைத்திருக்கும்?

பின்பக்கம் எங்கே போயிற்று?

இப்போது என் கவலைக்கு வருகிறேன். ஹெண்டாஃபை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தது எது? பத்தி எழுத்து அமெரிக்காவோடு நின்றது. கடல் கடந்தது எல்.பி. உறையின் பின்பக்கம். மைல்ஸ் டேவிஸின் 'ஸ்கெட்சஸ் ஆஃப் ஸ்பெயின்', பாப் டிலனின் 'ஃப்ரீவீலின்', ஜான் கோல்ட்ரேனின் 'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' ஆகியவற்றின் உறைக் குறிப்புகள் எல்லாம் அவர் எழுதியவை.

'ஜயன்ட் ஸ்டெப்ஸ்' பின்பக்கத்தைப் படித்தால், 'நைமா' கோல்ட்ரேனின் மனைவி பெயர், 'கசின் மேரி' அவருடைய உறவுக்காரப் பெண் என்பதெல்லாம் தெரியவரும். தட்டின் பெரும்பகுதியில் பியானோ வாசித்தவர் டாமி ஃபிளானகன். 'நைமா'வில் மட்டும் வின்டன் கெல்லி. டிரம்ஸும் ஆர்ட் டெய்லரிடமிருந்து ஜிம்மி காப் கைக்கு மாறுகிறது. இது தெரிந்தவருக்கு அந்தப் பாட்டு ஏன் வேறு மாதிரி மூச்சு விடுகிறது என்று காது தானாகத் தேடும். அதே பாட்டு இன்று கைபேசியில் ஒரு சதுரப் படமும் ஒரே ஒரு பெயருமாக ஓடுகிறது. கூட வாசித்தவர்களின் பெயரை மூன்று இடத்தில் தட்டித் தேட வேண்டும். பல பாட்டுகளுக்குத் தேடினாலும் கிடைப்பதில்லை.

இடப்பற்றாக்குறை என்று யாரும் சொல்ல முடியாது. பன்னிரண்டு அங்குல அட்டையில் அடங்கியதைவிடப் பல மடங்கு எழுத்து திரையில் அடங்கும். எழுதுகிறவருக்குக் கூலி கொடுக்க ஆளில்லை, அவ்வளவுதான். பத்திரிகைகள் இசைப் பக்கத்தை மூடின. நிறுவனங்கள் குறிப்பை நிறுத்தின. கேட்பவருக்கு அடுத்த பாட்டைக் கணக்குப் போட்டுத் தள்ளிவிட இயந்திரம் வந்துவிட்டது. பில்லி ஹாலிடேயை நிறுத்தச் சொல்லி இப்போது யாரும் சீட்டு அனுப்ப வேண்டியதில்லை. பட்டியலில் சத்தமில்லாமல் கீழே தள்ளினால் போதும். எதிர்த்து நிற்க அறையில் ஆள் இருக்காது.

இன்று யார் வேண்டுமானாலும் எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான். ஆனால் நேரில் போய்க் கேட்டு, சரிபார்த்து, அதையே பிழைப்பாக வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடிகிறது?

ஹெண்டாஃபுக்கு முடிந்தது. 1958 முதல் அவர், முதலில் சொன்ன அந்த நியூயார்க் வாரப் பத்திரிகையில் கருத்துரிமை, பள்ளிக்கூடம், காவல்துறை என்று எழுதித் தள்ளினார். ஜாஸ் மட்டும் எழுதச் சொல்லாதீர்கள் என்ற நிபந்தனையோடு சேர்ந்தவர்; இசை எழுத்தாளர் என்று மற்ற இதழ்கள் முத்திரை குத்திவிட்ட கோபம். கருக்கலைப்பை எதிர்த்து அவர் எழுதியபோது சக ஊழியர்கள் சிலர் பேசுவதையே விட்டார்கள். அந்தக் கருத்தை ஏற்காத வாசகர்களும் ஏராளம். ஸ்வீனியின் சீடர் அதற்கெல்லாம் அசரவில்லை. 2017 ஜனவரி 7 அன்று, 91 வயதில் காலமானார்.

2004-இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் தன் 'ஜாஸ் மாஸ்டர்' விருதை அவருக்குக் கொடுத்தது. இசைக் கலைஞர் அல்லாத ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. வாசிப்பவரைப் போலவே, கேட்டு எழுதுபவரும் அந்த இசைக்கு வேண்டியவர் என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது. விருது இன்னும் இருக்கிறது. அந்த விருதுக்கு ஒருவரைத் தயார் செய்யும் வேலைகள்தான் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பாட்டுக்கு மாதச் சந்தா கட்டுகிற நாம், கூட வாசித்தவர்களின் பெயரையாவது பாட்டோடு சேர்த்துக் கொடுங்கள் என்று கேட்கக்கூட இல்லை.