தேயிலை மலையும் பங்குப் பத்திரமும்

மஸ்கெலியா வழியாகச் சிவனொளிபாத மலைக்குச் செல்லும் யாத்திரிகர்கள், மவுசாகலை நீர்த்தேக்கத்தின் கரையில் வண்டியை நிறுத்தி அதன் அழகைக் கண்டு களிப்பதுண்டு. நீர் நிறைந்திருக்கும் காலத்தில் அங்கே தண்ணீரையும், அதில் தலைகீழாகத் தோன்றும் தேயிலை மலைகளையும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆயினும் 1960களின் இறுதியில் அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் அந்நீரினுள்ளேதான் மறைந்தது என்பதை இவ்வூரார் மறக்கவில்லை. மழை பொய்த்து நீர் வற்றும் ஆண்டுகளில் பழைய கோயிலின் கற்களும், மற்றைய வழிபாட்டிடங்களின் எச்சங்களும் வெளியே தெரியலாகும். அவற்றைக் காண அயலூர்களிலிருந்து மக்கள் திரண்டு வருவர்.

நீர்மட்டம் நாள்தோறும் ஏறும், இறங்கும். அடியிலுள்ள நிலம் அவ்வாறு நாளுக்கு நாள் மாறுவதில்லை. பங்குச் சந்தையிலும் இவ்வாறே இரண்டு உண்டு. ஒன்று விலை, மற்றொன்று மதிப்பு. விலையை எவரும் பத்திரிகையில் பார்த்துக்கொள்ளலாம். மதிப்பையோ நாமே தேடி அறிதல் வேண்டும். இவ்விரண்டுக்குமுள்ள வேறுபாட்டை உணர்ந்து, மதிப்பினும் குறைந்த விலைக்கு வாங்கிப் பொறுமையுடன் காத்திருத்தலே ‘மதிப்பறிந்து முதலிடல்’ எனப்படும்.

“பங்குச் சந்தைக்கும் தோட்டத்து மக்களுக்கும் என்ன தொடர்பு? அது கொழும்புச் செல்வந்தர்களின் விளையாட்டன்றோ?” என்று நேயர்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. அது நம்மவர் பலர் மறந்துவிட்ட ஒரு கதை.

பெட்டிக்குள் கிடந்த பத்திரம்

இலங்கையில் பங்கு வியாபாரம் பிறந்ததே தோட்டங்களுக்காகத்தான். 1896 ஆம் ஆண்டில் கொழும்பில் பங்குத் தரகர்கள் ஒரு சங்கமாகக் கூடினர். மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்களைத் திறப்பதற்குப் பெருமுதல் வேண்டியிருந்தது. அம்முதலைத் திரட்டுவதற்கே கம்பனிகளின் பங்குகள் கைமாறத் தொடங்கின. 1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் வந்த நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. பின்னர் 1992 இல் அவை இருபதுக்கும் மேற்பட்ட பெருந்தோட்டக் கம்பனிகளாக வகுக்கப்பட்டன. 1995 முதல் அக்கம்பனிகளின் பங்குகள் விற்பனைக்கு வந்தன. மஸ்கெலியாவின் பெயரைத் தாங்கிய கம்பனியொன்றும் பங்குச் சந்தையின் பட்டியலில் ஏறிற்று.

பெரும்பகுதிப் பங்குகள் தனியார் நிறுவனங்களுக்குச் சென்றன. மற்றொரு பகுதி பொதுமக்களுக்கு விற்கப்பட்டது. நூற்றுக்குப் பத்துப் பங்கு, அத்தோட்டங்களில் உழைத்த மக்களுக்கு விலையின்றி வழங்கப்பட்டது. முப்பாட்டன் காலந்தொட்டு அம்மலைகளில் வியர்வை சிந்திய குடும்பங்கள், அவற்றை நடத்தும் கம்பனியில் முதன்முறையாகப் பங்காளராயின.

ஆனால் அப்பத்திரம் எதைக் குறிக்கிறது, அதன் மதிப்பை எங்ஙனம் கணிப்பது என்று லயத்துக்கு வந்து எடுத்துச் சொன்னவர் எத்தனை பேர்? பல வீடுகளில் அது தகரப் பெட்டியின் அடியில் கிடந்தது. பல வீடுகளில் கூரைத் தகரத்துக்கும் பிள்ளையின் கலியாணத்துக்குமாகக் கேட்ட விலைக்குக் கைமாறிற்று. விற்றோரைக் குறை கூறுதல் நமது நோக்கமன்று. பசிக்கு விற்பது வேறு. அறியாமல் விற்பது வேறு. விற்றது நன்றா, வைத்திருந்தது நன்றா என்பதற்கும் ஒரே விடை கிடையாது. கம்பனிக்குக் கம்பனி அது மாறுபடும். அதைக் கணக்கிட்டுப் பார்க்கும் கல்வி அன்று நம் கையில் இருந்ததா என்பதே கேள்வி. இன்று தோட்டத்துப் பிள்ளைகள் ஆசிரியராகவும், எழுதுவினைஞராகவும், வங்கி ஊழியராகவும் சம்பளம் பெறுகின்றனர். சிறு சேமிப்பும் சேர்கிறது. இரண்டாம் முறையும் நாம் அறியாதவராய் இருத்தல் கூடாது.

சந்தையார் என்னும் கூட்டாளி

இக்கலைக்கு வழி வகுத்தவர் பெஞ்சமின் கிரஹாம் என்னும் அமெரிக்கர். 1894 இல் இலண்டனில் பிறந்து, குழந்தைப் பருவத்திலேயே நியூயோர்க் சென்றவர். இளமையில் தந்தையை இழந்து வறுமையின் கொடுமையை அறிந்தவர். 1929 இல் அமெரிக்கப் பங்குச் சந்தை சரிந்தபோது தாமும் பெருநட்டம் கண்டவர். அந்த அனுபவத்தின் பின் 1934 இல் டேவிட் டொட் என்பாருடன் சேர்ந்து ஒரு பெருநூலையும், 1949 இல் சாதாரண மக்களுக்காக ‘இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்’ என்னும் நூலையும் எழுதினார். உலகப் பெருஞ்செல்வருள் ஒருவரான வாரன் பபெட், கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் இவரிடம் பயின்ற மாணாக்கர்.

கிரஹாம் ஒரு கற்பனை மனிதரைப் படைத்துக் காட்டினார். அவரை நாம் ‘சந்தையார்’ என்று அழைப்போம். அவர் நமது வியாபாரக் கூட்டாளி. நாள்தோறும் காலையில் வாயிலில் வந்து நின்று, நம்முடைய பங்கைத் தாம் வாங்குவதற்கோ, தம்முடைய பங்கை நமக்கு விற்பதற்கோ ஒரு விலை கூறுவார். மனம் மகிழ்ந்திருக்கும் நாளில் வானளாவிய விலை. மனம் சோர்ந்திருக்கும் நாளில் அடிமாட்டு விலை. நாம் இணங்காவிட்டால் அவர் கோபிப்பதில்லை. மறுநாள் வேறொரு விலையுடன் வருவார்.

அவருக்கு நாம் அடிமையாக வேண்டியதில்லை. அவர் சொல்லும் விலை நமக்கு நன்மை தருமாயின் ஏற்றுக்கொள்ளலாம். இல்லையேல் நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. நம் பங்கின் மதிப்பு ஏறக்குறைய எவ்வளவு என்பது நமக்குத் தெரிந்திருக்கவேண்டும். அது தெரியாதவனுக்குச் சந்தையார் சொல்வதே வேதமாகிவிடும்.

மலிவெல்லாம் மதிப்பாகாது

விலை இறங்கியதையெல்லாம் வாங்குவதே இம்முறை என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் எத்துணை ஆபத்தானது என்பதற்கு நமது மலைநாட்டின் வரலாறே சான்று.

1840களில் இலங்கை மலைகளில் கோப்பி மோகம் தலைவிரித்தாடிற்று. ஆங்கில அதிகாரிகளும் படைவீரர்களும்கூடக் காடுகளை வாங்கிக் கோப்பி நட்டனர். 1847 இல் கோப்பி விலை சரிந்தது. தோட்டங்கள் அற்ப விலைக்கு ஏலம் போயின. ஆயினும் நிலம் நன்றாக இருந்தது; செடியும் நன்றாக இருந்தது. அப்போது மலிவாக வாங்கிப் பொறுத்திருந்தவர்கள் அடுத்த பத்தாண்டில் விலை மீண்டபோது பயன் பெற்றனர்.

1869 இல் கோப்பி இலைகளில் ஒரு பூஞ்சண நோய் கண்டது. அதன் பின்னரும் கோப்பித் தோட்டங்கள் மலிந்தன. ‘முன்னர் மலிந்தபோது வாங்கியவர் பிழைத்தாரே’ என்று கருதி வாங்கியவர்கள் இம்முறை அழிந்தனர். ஏனெனில் இம்முறை நோயுற்றது விலையன்று, செடியே. தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியண்டல் வங்கியும் 1884 இல் முறிந்தது. தப்பியவர்கள், கோப்பியைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டவர்களே.

ஆகவே விலை இறங்கிய பங்கைக் காணும்போது கேட்கவேண்டிய வினா இது: “வாடியிருப்பது இலையா, வேரா?” கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடி குச்சி குச்சியாய் நிற்கும்; சில மாதங்களில் துளிர்க்கும். பட்டுப்போன செடியும் குச்சியாகவே நிற்கும்; அது துளிர்ப்பதில்லை.

ஓராண்டு இலாபம் ஏமாற்றும்

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். இது விளக்கத்துக்காக நாம் அமைத்துக்கொண்ட கம்பனி. அதற்கு 2 கோடிப் பங்குகள். சந்தையில் ஒரு பங்கு 45 ரூபா. சென்ற ஆண்டுகளுள் ஒன்றில் அது 14 கோடி ரூபா இலாபம் ஈட்டியது. பங்கொன்றுக்கு 7 ரூபா வருகிறது. 7 ரூபா ஈட்டும் பங்கு 45 ரூபாவுக்கு, அதாவது ஆறரை மடங்குக்கும் குறைந்த விலைக்குக் கிடைக்குமாயின், மலிவென்றே தோன்றும்.

ஆனால் ஐந்தாண்டுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். முதலாண்டு இலாபம் 3 கோடி. இரண்டாமாண்டு நட்டம் 2 கோடி. மூன்றாமாண்டு இலாபம் 2 கோடி. நாலாமாண்டு 14 கோடி. ஐந்தாமாண்டு 3 கோடி. கூட்டினால் 20 கோடி. சராசரி 4 கோடி. பங்கொன்றுக்கு 2 ரூபாதான். 45 ரூபா என்பது அதற்கு இருபத்திரண்டரை மடங்கு. நூறு ரூபா முதலுக்கு ஆண்டொன்றுக்கு 4 ரூபா 44 சதமே கம்பனி ஈட்டுகிறது. வங்கியின் நிலையான வைப்பு இதைவிடக் கூடுதலாகத் தருமாயின், இவ்வபாயத்தை நாம் ஏன் ஏற்கவேண்டும்?

இத்தகைய ஏற்றத்தாழ்வு வெறுங்கற்பனையன்று. 2021 இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை விளைச்சல், 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாகக் குறைந்தது. அதே 2022 இல் நமது நாணயம் வீழ்ந்தது. 200 ரூபாவளவில் இருந்த அமெரிக்க டொலர் 360 ரூபாவளவுக்கு ஏறிற்று. கொழும்பு ஏலத்தில் தேயிலையின் ரூபா விலை ஏறத்தாழ இருமடங்காயிற்று. கொழுந்து குறைந்தும் பல கம்பனிகளின் கணக்கில் இலாபம் பெருகிற்று. அந்த ஓராண்டை மட்டும் கண்டு பங்கு வாங்கியவர், நாணயத்தின் வீழ்ச்சியைத் தோட்டத்தின் செழிப்பென்று மயங்கியவராவார்.

இக்காரணத்தாலேயே கிரஹாம், சாதாரண முதலீட்டாளருக்குச் சில எளிய அளவுகோல்களை வகுத்தார். பத்தாண்டுகளாக நட்டமின்றி இலாபம் கண்ட கம்பனியா? இடையறாது பங்கிலாபம் கொடுத்து வந்துள்ளதா? ஓராண்டுக்குள் தீர்க்கவேண்டிய கடனைப்போல் இருமடங்கு நடைமுறைச் சொத்து உண்டா? மூவாண்டுச் சராசரி இலாபத்தின் 15 மடங்குக்குள் விலை அடங்குமா? நமது உதாரணக் கம்பனி முதற் கேள்வியிலேயே தோற்றுவிடுகிறது.

நிறுவையில் கழிப்பது போல

கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கும் பைக்குமாகச் சில கிலோவைக் கழித்துக்கொள்வதை நம் தாய்மார் வேதனையுடன் அறிவர். பங்கு வாங்கும்போது அக்கழிவை நாமே நமது பக்கத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். நமது கணிப்பின்படி ஒரு பங்கின் மதிப்பு 30 ரூபா என்று கொள்வோம். கணிப்பில் பிழை இருக்கலாம். நாளை வரட்சி வரலாம். ஆகவே மூன்றில் ஒரு பங்கைக் கழித்து, 20 ரூபாவுக்குக் கிடைத்தாலன்றி வாங்குவதில்லை என்று உறுதி கொள்ளவேண்டும். இதுவே ‘காப்பு இடைவெளி’. இம்முறையின் உயிர்நாடி இதுதான்.

ஆண்டறிக்கையில் காணும் சொத்து மதிப்பையும் அப்படியே நம்பலாகாது. பெருந்தோட்டக் கம்பனிகளின் நிலம் பெரும்பாலும் அவற்றின் சொந்த நிலமன்று; 1992 முதல் 53 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. அக்குத்தகை 2045 இல் முடிவடையும். ஆண்டு கழியுந்தோறும் அவ்வுரிமையின் ஆயுளும் குறைகிறது. முதுமையுற்ற செடிகளைப் பிடுங்கிப் புதியன நட்டால், அவை நல்ல பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும். மீள்நடுகை செய்யாத கம்பனி இன்று கூடுதல் இலாபம் காட்டலாம். அது விதை நெல்லை உண்பதற்கு ஒப்பானது. மலையில் பிறந்து வளர்ந்தவனுக்கு இவை புத்தகத்தைப் பார்த்து அறியவேண்டியன அல்ல. எந்த மலை கவனிப்பாரற்றுக் காடாகிறது, எந்த ஆலையில் வேலை நின்றிருக்கிறது என்பதைக் கொழும்புத் தரகரைவிட அவனே முன்னறிவான்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. உண்ணும் சோறு தேயிலையிலிருந்து வருமாயின், சேமிப்பையும் தேயிலைப் பங்கிலேயே கொட்டிவிடலாகாது. தேயிலை வீழும் ஆண்டில் கூலியும் சேமிப்பும் ஒருங்கே போய்விடும். வங்கி, உணவு, மின்சாரம் எனப் பல துறைகளில் முதலைப் பரப்பி வைத்தலே அறிவுடைமை.

வீட்டுக் கணக்கு முதலில்

பங்குச் சந்தைக்குப் போகுமுன் வீட்டுக் கணக்கைச் சீர் செய்தல் வேண்டும். அடகிலிருக்கும் தாலிக்கொடியை மீட்காமல் பங்கு வாங்குவது பேதைமை. அடகு வட்டியைத் தவறாது வெல்லும் பங்கு எதுவுமில்லை. நோய்க்கும் வேலையிழப்புக்குமாக ஆறு மாதச் செலவு வங்கியில் இருக்கட்டும். ஊழியர் சேமலாப நிதியை நம்பிக் கடன்பட்டுப் பங்கு வாங்குதல் ஒருபோதும் ஆகாது. ஐந்தாண்டுகளுக்குத் தேவைப்படாத பணத்தை மட்டும், சிறிது சிறிதாக முதலிடலாம். அப்போதும் சேமிப்பில் நாலில் ஒரு பகுதியேனும் நிலையான வட்டி தருவதில் இருக்கவேண்டும் என்பது கிரஹாமின் அறிவுரை.

“மாதம் நூற்றுக்குப் பத்து தருகிறோம், இன்னும் மூவரைச் சேர்த்துவிடுங்கள்” என்று வாயிலுக்கு வருவோர் முதலீடு சொல்ல வந்தவர்களல்லர். ஆள் சேர்த்துப் பணம் பெருக்கும் அத்தகைய கூம்பகத் திட்டங்களை நமது வங்கிச் சட்டம் தடை செய்திருக்கிறது.

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் முன்னோர் வாக்கு. அளக்கும் படியைக் கையில் வைத்திருந்தவர்கள் எப்போதும் பிறராகவே இருந்தனர். கொழுந்தை நிறுத்தவரும் அவரே, பத்திரத்துக்கு விலை சொன்னவரும் அவரே. இன்று அப்படி நம் பிள்ளைகளின் கைக்கு எட்டியிருக்கிறது. இவ்வாரம் வீட்டிலுள்ள பழைய பெட்டியைத் திறந்து பாருங்கள். அடியிலே ஒரு பங்குப் பத்திரம் இருந்தாலும் இருக்கும். இருந்தால், அதை விற்பதா வைத்திருப்பதா என்று முடிவு செய்யுமுன், படித்த பிள்ளையை அருகில் அமர்த்தி அக்கம்பனியின் ஐந்தாண்டுக் கணக்கைக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.